மிச்சம் பிடித்த கணமும் பின்னால் வருபவரும்

இலக்கியச் சஞ்சிகையொன்றில் கணினியின் உட்கருவைப் பற்றி எழுத வருகின்றவர் முதலில் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கவிதை, கதை, பிரதி, வாசகன் என்று பேசிப் பழகிய பக்கங்கள் இவை. எனது நியாயம் சுருக்கமானது. கணினிக்கு எழுதப்படுகின்ற நிரலும் ஒரு பிரதிதான். அதனை முதலில் வாசிப்பது இயந்திரம். பின்னர் பல வருடங்கள் கழிந்து, எழுதியவரை ஒருபோதும் கண்டிராத யாரோ ஒருவர் வாசிக்கின்றார். ரசிப்பதற்காக அவர் வாசிப்பதில்லை. எங்கோ உடைந்துவிட்டது, திருத்த வேண்டும், அதனால் வாசிக்கின்றார். அமெரிக்கக் கணினி அறிஞரான டொனால்ட் நூத், நிரலை மனிதர் வாசிக்கின்ற இலக்கியம் போல எழுத வேண்டுமென்று 1984இல் வாதிட்டு, அதற்கென்று ஒரு முறையையே முன்வைத்தார். ஆகவே நானொன்றும் முற்றிலும் அந்நியமான சரக்கோடு இந்த வாசலுக்கு வரவில்லை.

கேள்வி இதுதான். ஏறக்குறைய எப்போதும் ‘சரி’ என்றே பதில் வருகின்ற ஒரு பரிசோதனையை வேகம் கருதி விட்டுவிடலாமா? விட்டால் அந்த இலாபம் யாருடைய கணக்கில் வரவாகின்றது, நட்டம் யாருடைய தலையில் விழுகின்றது?

கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியிலோ கைபேசியிலோ ஓடுகின்ற எல்லா மென்பொருள்களுக்கும் அடியில் பணிசெயல் முறைமை இருக்கின்றது. அதன் நடுவிலிருப்பதைக் கேர்னல் என்பார்கள். நான் கரு என்றே எழுதுகின்றேன். நினைவகம் முழுவதையும் ஆள்வது கருதான். ஏனைய மென்பொருள்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் மட்டுமே நடமாடலாம். கோப்பொன்றை வாசிக்க வேண்டுமாயின் மென்பொருள் கருவிடம் கேட்கும்: இந்தக் கோப்பிலுள்ளதை எடுத்து, எனது இன்ன முகவரியில் கொண்டுவந்து வை.

ஆபத்து இந்த ‘இன்ன முகவரி’யில் இருக்கின்றது. ஊரிலுள்ள எல்லா வீட்டுத் திறப்புகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு சாமான் இறக்கித் திரிகின்ற ஒரு லொறிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த விலாசம் உங்களுடைய வீடுதானா என்று பார்க்காமல் இறக்குகின்றவராயின், அடுத்தவர் வீட்டைத் திறந்தும் இறக்கிவிடுவார். அவருடைய சொந்த வீட்டு விலாசத்தையே கொடுத்தால், தனது பெட்டகத்தைத் தானே திறந்து, உள்ளே இருந்ததை வீசிவிட்டு உங்களுடைய பொருளை வைப்பார். கருவும் அப்படித்தான். தனது பகுதிக்குள் அந்நியர் எழுதியதைத் தனது சொந்தக் கட்டளையென்று எண்ணி அது நடக்கத் தொடங்கும் கணத்தில், கணினி அந்த அந்நியருடையதாகிவிடுகின்றது.

இதனைத் தடுப்பதற்கு ஒரு சின்னப் பரிசோதனை. தரப்பட்ட முகவரி கேட்டவருடைய பகுதிக்குள் விழுகின்றதா என்று பார்ப்பது. லினக்ஸ் கருவில் இதற்கு ‘அக்ஸஸ் ஓகே’ என்று பெயர். ஓர் ஒப்பீடு, ஒரு கிளைவழி, அவ்வளவுதான். இன்றைய புரொசசரில் ஒரு நனோ வினாடிகூடச் செல்லாது. ஆனால் வேலைப்பளு மிக்க ஒரு கணினியில் இது ஒவ்வொரு வினாடியும் இலட்சக்கணக்கான தடவைகள் நிகழ்கின்றது. கருவை எழுதுகின்றவர்கள் இந்த அணுவளவு நேரத்தையும் மிச்சம் பிடிக்க முனைவது இதனால்தான். இதனை நுண்சிக்கனம் என்று சொல்லிக்கொள்வோம். இதற்கு எதிர்த்தட்டில் வைக்கப்படுவது பராமரிப்பு. நாளை வேறொருவர் வந்து வாசித்து, விளங்கி, உடைக்காமல் மாற்றக்கூடியதாக நிரல் இருக்க வேண்டுமென்பது.

நிந்தவூரில் மாலை வேளைகளில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். இந்த விடயத்தை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கெட்டிக்காரப் பிள்ளையொருவர் கேட்டார்: “சேர், ஆயிரம் தரம் பாத்து ஆயிரம் தரமும் சரியெண்டா, ஆயிரத்தோராம் தரம் என்னத்துக்குப் பாக்கணும்?” நல்ல கேள்வி. பொருளியல் படித்தவர்களும் இதனைத்தான் வேறு சொற்களில் கேட்கின்றார்கள்.

இந்தக் கேள்வியை எங்களுடைய கரையோரத்தில் நின்று கேட்கும்போது அதற்கு வேறொரு கனம் வந்துவிடுகின்றது. 1949ஆம் ஆண்டிலிருந்து பசுபிக் சமுத்திரத்திற்குச் சுனாமி எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்திற்கு அப்படியொன்று இருக்கவில்லை. இங்கு அது அபூர்வம், ஆகவே செலவுக்குப் பெறுமதியில்லை என்பதே நடைமுறையில் எல்லோருடைய கணக்காகவும் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகில் கடலடி நிலம் அதிர்ந்ததற்கும் எங்களுடைய கரைக்கு அலை வந்ததற்கும் இடையில் சுமார் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நாட்டின் எந்த மாவட்டத்திலும் அத்தனை பேர் போகவில்லை. அந்த மாணவர் அதற்குப் பின்னர் பிறந்தவர். அவருக்கு அது உம்மாவும் வாப்பாவும் சொல்கின்ற கதை.

இந்த உவமையை நான் அதிகம் இழுக்க மாட்டேன். எச்சரிக்கைச் சங்கு ஒரு வினாடிக்கு இலட்சம் தடவை ஊதுவதில்லை. அதற்குச் செலவும் வேறு, அளவும் வேறு. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று மட்டும்: பரிசோதனையின் செலவு ஒவ்வொரு நாளும் கணக்கில் தெரியும்; அதன் பயன் எந்த நாளிலும் தெரியாது. பரிசோதனையை நீக்கியவர் மறுநாளே ‘இத்தனை வீதம் வேகம் கூடியது’ என்று எண்ணைக் காட்டலாம். பரிசோதனையை விடாமல் வைத்திருந்தவருக்குக் காட்டுவதற்கு எந்த எண்ணும் கிடையாது.

இனி வரலாறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்து லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அவரிடமிருந்தது இன்டெல் 386 புரொசசர். அந்த 386இல் ஒரு குறை இருந்தது. ‘இந்தப் பக்கத்தில் எழுதக்கூடாது, வாசிக்க மட்டும்’ என்று நினைவகப் பக்கமொன்றுக்கு விதித்திருந்தாலும், எழுதுவது கருவாக இருந்தால் புரொசசர் தடுக்காது. ஆகவே கருவே ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கு முன்னர், இங்கே எழுதலாமா என்று பட்டியலைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் பரிசோதனையைக் கூப்பிடுகின்ற ஒவ்வொரு இடத்திலும் ‘வாசிக்கவா, எழுதவா’ என்று ஒரு சொல்லும் சேர்த்து எழுத வேண்டும் என்று வந்தது. அடுத்து வந்த 486 புரொசசரில் அந்தக் குறை நீக்கப்பட்டது. லினக்ஸ் 386ஐ முற்றாகக் கைவிட்டது 2012 டிசம்பரில். அந்த ‘வாசிக்கவா, எழுதவா’ என்ற சொல் மட்டும் கருவின் நூற்றுக்கணக்கான இடங்களில் அப்படியே கிடந்தது. 2019 ஜனவரியில்தான் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீக்கினார். செத்துப் போன புரொசசரின் நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டை அத்தனை வருடங்களாக எல்லோரும் காவித் திரிந்திருக்கின்றார்கள். புதிதாக வந்தவர்கள் அதற்கு ஏதோ ஆழ்ந்த காரணம் இருக்குமென்று நினைத்து மரியாதையாக எழுதிக்கொண்டே வந்தார்கள். நமது சூழலில் சில சம்பிரதாயங்களும் இப்படித்தான் நிலைத்திருக்கின்றன என்று சொல்ல நாக்கு வருகின்றது. அது இந்தக் கட்டுரையின் வேலையில்லை.

இதே வரலாற்றில், பரிசோதனையைக் குறைத்தது முழுக்க நன்மையாக முடிந்த சந்தர்ப்பமும் உண்டு. 1996 அளவில், 2.1 வரிசைக் கருவில், முன்கூட்டிப் பட்டியலைப் புரட்டுகின்ற வேலையை விட்டுவிட்டார்கள். முகவரி பயனருடைய எல்லைக்குள் விழுகின்றதா என்று மட்டும் பார்த்துவிட்டு, துணிந்து எழுத முயல்வது; அங்கே உண்மையில் பக்கம் இல்லையென்றால் புரொசசரே இடறும்; இடறினால் எங்கே போய் நிமிர வேண்டுமென்று ஓர் அட்டவணையில் முன்னரே எழுதி வைத்திருப்பது. ஒழுங்காக இயங்குகின்ற மென்பொருள்களுக்கு இதில் ஒரு செலவும் இல்லை. தவறு செய்பவை மட்டுமே செலவைச் சுமக்கும். இன்னொரு நன்மையும் கிடைத்தது. முன்னர் பார்த்ததற்கும் பின்னர் எழுதியதற்கும் இடைப்பட்ட கணத்தில் வேறொருவர் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டால் பழைய பரிசோதனை பொய்யாகிவிடும். புதிய முறையில் அந்த இடைவெளியே இல்லை. ஆகவே வேகம் ஒரு பக்கம், ஒழுங்கு மறுபக்கம் என்று தராசை வைத்துக்கொண்டு பேசுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றார்கள். நல்ல வடிவமைப்பில் சில வேளைகளில் இரண்டும் ஒரே தட்டில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

ஆனால் எப்போதும் அப்படி அமைவதில்லை. 2017இல் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். எனது வாதம் முழுவதும் அதில்தான் நிற்கின்றது.

பயனர் பகுதிக்குள் கரு கைவைப்பதையே புரொசசர் சாதாரணமாகத் தடுத்து வைத்திருக்கின்ற ஒரு பாதுகாப்பு, அதற்குச் சில வருடங்கள் முன்னர் வந்திருந்தது. கரு எழுத வேண்டுமானால் முதலில் கதவைத் திறந்து, எழுதி, பிறகு மூட வேண்டும். ஒரேயொரு எண்ணை எழுதுவதென்றால் பரவாயில்லை. ஐந்தாறு எண்களை வரிசையாக எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை, திறப்பு, எழுத்து, மூடல் என்று போனால் வீண்செலவு. ஆகவே ஒரு சிக்கனம் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு தடவை பரிசோதித்து, ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து, எல்லாவற்றையும் எழுதிவிட்டு மூடுவது. இடையில் எழுதுகின்ற கருவி எதையும் பரிசோதிக்காது. அதன் பெயரே ‘அன்சேஃப் புட் யூசர்’. பாதுகாப்பற்றது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். கூப்பிடுகின்றவர் முன்னரே பரிசோதனையைச் செய்துவிட்டு வர வேண்டுமென்பது எழுதாத நிபந்தனை.

பிள்ளைச் செயன்முறை ஒன்று முடியும்வரை காத்திருக்க உதவுகின்ற ‘வெயிட் ஐடி’ என்ற அழைப்பும் இந்தச் சிக்கன முறைக்கு மாற்றப்பட்டது. கதவைத் திறந்தார்கள், எழுதினார்கள், மூடினார்கள். அந்த ஒரே ஒரு பரிசோதனை மட்டும் விடுபட்டுப் போயிற்று. 2017 செப்டெம்பரில் 4.13ஆம் பதிப்பு அப்படியே வெளியாகியது. சாதாரண மென்பொருள் எதுவும் வெயிட் ஐடிக்குக் கருவின் சொந்த முகவரியைக் கொடுத்தால், கரு கீழ்ப்படிவாகத் தனது பெட்டகத்திற்குள் தானே எழுதியது. ஒக்டோபரில் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். சிவிஈ-2017-5123 என்று அதற்கு ஓர் இலக்கமும் விழுந்தது.

எழுதியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். உலகிலேயே இந்த வேலையை அதிகம் அறிந்தவர்கள். நல்ல இயக்கத்தில் எல்லாப் பரிசோதனைகளும் தேறின. ஏனென்றால் நல்ல மென்பொருள்கள் நல்ல முகவரியைத்தான் கொடுக்கும். விடுபட்ட பரிசோதனை தன்னை அறிவிப்பதில்லை. எந்த அளவுகோலிலும் அது இன்னும் கொஞ்சம் வேகம் என்றுதான் பதிவாகும்.

இங்கே நிகழ்ந்ததை நான் இப்படி விளங்கிக்கொள்கின்றேன். முன்பு ஒவ்வொரு எழுத்தும் தனது பரிசோதனையைத் தன்னோடு கொண்டு வந்தது. சிக்கனத்திற்குப் பிறகு, ‘பரிசோதித்துவிட்டு வா’ என்கின்ற அறிவு நிரலிலிருந்து கழன்று, நிரலை எழுதுகின்றவர்களுடைய ஞாபகத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டது. மனித ஞாபகமோ வாடகை வீடு. ஆள் மாறும், வேலை மாறும், சிலர் மௌத்தாகியும் போவார்கள்.

எங்களுடைய வயற்பக்கம் போனால் இதனைக் கண்ணால் காணலாம். தண்ணீர் பங்கிடுகின்ற பழைய வட்டவிதானைமாருக்கு எந்த வக்கடையை எவ்வளவு திறந்தால் எந்த வரம்பு தாங்கும் என்பது மனப்பாடம். “தம்பி, அந்த வக்கடைய முழுக்கத் திறந்திடாதங்க, கீழ் வரம்பு தாங்காது” என்று ஒருவர் சொன்னால் அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவர் இருக்கும்வரை எல்லாம் சரி. அவருக்குப் பிறகு வருகின்றவர் அதே வக்கடையைத் திறப்பார், வரம்பு உடையும், பக்கத்து வயற்காரருடைய பயிர் போகும். முன்னவர் கெட்டிக்காரராக இருந்ததன் விலையை அவர் காணாத ஒருவர் கட்டுகின்றார். வரம்பை உயர்த்திக் கட்டியிருக்கலாம். அல்லது வக்கடைக்கு அளவாகக் கல் பதித்து, அதற்கு மேல் திறக்க முடியாமல் செய்திருக்கலாம். அவருக்கு அது தேவைப்படவில்லை, ஏனெனில் அவருக்குத் தெரியும்.

கொழும்பில் நான் சில வருடங்கள் வேலை செய்த நிறுவனமொன்றிலும் இதே கதைதான். வட்டி கணக்கிடுகின்ற நிரலின் நடுவில் ஐம்பது அறுபது வரிகள். மேலே ‘தொட வேண்டாம்’ என்று ஒரு குறிப்பு. எழுதியவர் கனடாவுக்குப் போய் ஏழு வருடம். ஒரு காலத்தில் மெதுவான இயந்திரமொன்றில் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த ஏதோவொரு சாமர்த்தியம் அது. அந்த இயந்திரமே இப்போது இல்லை. ஆனாலும் அந்த வரிகளைச் சுற்றிச் சுற்றியே புதிய வரிகளை எழுதிக்கொண்டிருந்தோம், நடு வீட்டில் மையித்தைக் கிடத்திவிட்டுச் சுற்றி நடப்பதைப் போல. எத்தனை பேருடைய எத்தனை நாட்கள் அதில் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. மிச்சம் பிடித்த கணங்களின் கணக்கு மட்டும் எங்கோ ஓர் அறிக்கையில் இருந்திருக்கும்.

வேகம் என்பது பணக்காரர்களின் மோகம், நாம் தெளிவை மட்டும் பார்ப்போம் என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்முனைக் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்குகின்ற அன்ரொயிட் கைபேசியின் உள்ளேயும் இதே லினக்ஸ் கருதான் ஓடுகின்றது. கரு பாரமானால் முதலில் திணறுவது அந்தக் கைபேசி. புதியது வாங்க வசதியுள்ளவர் மாற்றிக்கொள்வார். வசதியற்றவர் பழையதை வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறர் நேரத்தை வீணாக்காமல் இருப்பதும் ஒரு நீதிதான். நூத் 1974இல் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: பெரும்பாலான இடங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று வைத்துக்கொண்டார், சின்னச் சின்ன வேகங்களை மறந்துவிட வேண்டும், காலத்துக்கு முந்திய சிக்கனம் கேடு என்பது அவர் கருத்து. மீதி மூன்று வீதத்தில் கிடைக்கின்ற வாய்ப்பை விட்டுவிடக்கூடாதென்று அவர் உடனே தொடர்ந்து சொன்னதை மேற்கோள்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். கருவின் வாசல் அந்த மூன்று வீதத்திற்குள் வருகின்ற இடம்.

ஆனால் அதே மலிவுக் கைபேசி மறுபக்கத்துச் சாட்சியாகவும் நிற்கின்றது. ஏஆர்எம் புரொசசர்களுக்கான கருவில், பயனர் பகுதிக்கு எழுதுகின்ற சாதாரணக் கருவிகளே முகவரியைப் பரிசோதிக்காத வழுவொன்று இருந்தது. கருவின் மூலத்தில் 2012இலேயே திருத்திவிட்டார்கள். ஆனால் பழைய கருவோடு விற்கப்பட்ட கைபேசிகளுக்குத் திருத்தம் வந்து சேரவில்லை. 2013 ஒக்டோபரிலும் நவம்பரிலும் அந்த ஓட்டை வழியாக அன்ரொயிட் கைபேசிகளைத் தாக்கினார்கள். பராமரிப்பு என்கின்ற சொல் நகரத்து அலுவலகத்துக்குள் சுகமாக ஒலிக்கின்றது; இரண்டாம் கைக்கு வாங்கிய கைபேசியை வைத்திருக்கும் ஒருவருக்கு அது வரவே வராத ஒரு விருந்தாளி. அவருக்குக் கிடைப்பது முதல் நாள் உள்ளே வைத்து அடைத்த நிரல் மட்டும்தான். ஆகவே அது முதல் நாளே சரியாக இருந்தாக வேண்டும்.

2017இன் தவறிலிருந்து டோர்வால்ட்ஸ் எடுத்த பாடம்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. நிரலாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. 2019 ஜனவரியில், மேலே சொன்ன அந்தப் பழைய சொல்லை நீக்கிய அதே நாட்களில், கதவைத் திறக்கின்ற கருவிக்குள்ளேயே பரிசோதனையை வைத்துவிட்டார். இனிமேல் பரிசோதிக்காமல் கதவைத் திறக்க வழியில்லை. தனித்தனியாகச் செய்யுமாறு விட்டால் மக்கள் பரிசோதனையைச் செய்யாமலே விட்டுவிடுகின்றார்கள், அதுதான் அனுபவம் என்கின்ற கருத்தில் அந்த மாற்றத்திற்கு விளக்கம் எழுதினார். சிக்கனம் போகவில்லை, ஒரு தடவை பார்த்து, ஒரு தடவை திறந்து, எல்லாவற்றையும் எழுதலாம். போனது, ஞாபகத்தை நம்பியிருந்த அந்த நிபந்தனை மட்டும். வட்டவிதானையின் மனப்பாடம் வக்கடைக் கல்லாகியதைப் போல.

ஆகவே சிக்கனம் நல்லதா கெட்டதா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இந்தச் சிக்கனம் பிழைத்திருப்பதற்குத் தேவையான நிபந்தனை எங்கே வசிக்கின்றது என்று கேட்கின்றேன். நிரலின் கட்டமைப்பிலேயே வசித்தால் பின்னால் வருபவர் அறியாமலே அதனைக் காப்பாற்றுவார். எழுதியவரின் தலைக்குள் வசித்தால், அவர் மிச்சம் பிடித்தது தனது பணத்தை அல்ல. பின்னால் வருபவர் பெயரில் கேட்காமலே கடன் வாங்கியிருக்கின்றார். நமது பேச்சில் அமானிதம் என்று ஒரு சொல் இருக்கின்றது. ஒப்படைக்கப்பட்டதைக் குறைவில்லாமல் மீள ஒப்படைப்பது. பிறர் திருத்தப்போகின்ற நிரலை எழுதுகின்றவர் கையில் இருப்பது அதுதான் என்று எனக்குப் படுகின்றது.

மாணவர்கள் இதனைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததே என்றார்கள். தீரவில்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று இரண்டு பலவீனங்கள் வெளியாகின. இன்றைய புரொசசர்கள் பொறுமையற்றவை. பரிசோதனையின் விடை வருமுன்னரே, அது ‘சரி’யாகத்தான் இருக்குமென்று ஊகித்து அடுத்த வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் பிழைத்தால் செய்ததை அழித்துவிடும். ஆனால் அழித்த இடத்தில் சுவடு எஞ்சுகின்றது. அந்தச் சுவட்டிலிருந்து இரகசியங்களை ஊகித்தெடுக்கலாம். அந்த மாணவர் கேட்ட கேள்வியை வன்பொருள் வடிவமைத்தவர்கள் முன்னரே கேட்டு, ‘ஆயிரத்தோராம் தரமும் சரியாகத்தான் இருக்கும்’ என்று சிலிக்கனில் எழுதி வைத்திருக்கின்றார்கள்! பரிசோதனை நிரலில் ஒழுங்காக இருந்தும் பயனற்றுப் போயிற்று.

மருந்தாக, பரிசோதனைக்குப் பின்னால் ‘விடை வரும்வரை நில்’ என்று ஒரு தடையை வைத்தார்கள். ஒப்பீட்டுக்கு ஒரு நனோ வினாடி செல்லாத இடத்தில் இந்தத் தடைக்குப் பல மடங்கு சென்றது. பயனரிடமிருந்து பிரதி எடுக்கின்ற முக்கியமான பாதையொன்றில் இந்தத் தடை இல்லாமலே இருந்தது 2023இல்தான் தெரியவந்து, அங்கும் வைத்தார்கள். இப்போது சிக்கனக்காரர்களின் முறைப்பாட்டில் உண்மையான நியாயம் இருந்தது. 2024 நவம்பரில் அதற்கு ஒரு மாற்று ஏற்கப்பட்டது. ‘நில்’ என்று சொல்வதற்குப் பதிலாக, முகவரி பிழையானால் அதன் எல்லா இலக்கங்களையும் ஒன்றாக்கிவிடுவது. புரொசசர் ஊகித்து ஓடினாலும் அது போய்ச் சேருகின்ற இடத்தில் திருடுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு சில வரிகள்தான். ஓர் அளவுகோற் சோதனையில் 2.6 வீதம் வேகம் கூடியதாகப் பதிவாகியது. வினாடிக்கு இலட்சக்கணக்கான தடவைகள் நடக்கின்ற இடத்தில் 2.6 வீதம் என்பது சாமானியமல்ல. இங்கும் பரிசோதனையும் பாதுகாப்பும் கருவிக்குள்ளேயே வசிக்கின்றன. கூப்பிடுகின்றவர் எதனையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. நான் ஏற்றுக்கொள்கின்ற சிக்கனம் இந்த வகை.

எனக்குள்ள உறுத்தலையும் மறைக்க மாட்டேன். இதற்கு முன்னர், 2023இல், அக்ஸஸ் ஓகே பரிசோதனை மிக அழகாகச் சுருக்கப்பட்டிருந்தது. 64 இலக்க முகவரியின் உச்சி இலக்கத்தை மட்டும் பார்ப்பது. அது ஒன்றானால் கருவின் பக்கம், பூச்சியமானால் பயனரின் பக்கம். இரண்டுக்கும் நடுவில் எவருக்கும் சொந்தமில்லாத பெரும் வெளியொன்று கிடக்கின்றது. அதற்குள் யாராவது கால் வைத்தால் புரொசசரே இடறும். வேகமும் தெளிவும் ஒன்றாகச் சேர்ந்த மாற்றம் என்று அதனை வாசித்து நானும் மகிழ்ந்தேன். 2024இல் தெரியவந்தது, ஏஎம்டி புரொசசர்கள் அந்த நடுவெளி முகவரிகளோடு ஊகித்து ஓடும்போது அவற்றைச் சரியாகப் பிரித்தறிவதில்லையென்று. உச்சி இலக்கம் மட்டும் போதாது என்றாகி, எல்லை முகவரியோடு ஒப்பிடும் முறைக்குத் திரும்பினார்கள். நிபந்தனை நிரலுக்குள்ளேயே குறிப்போடு வசித்தது. மனிதர் யாரும் மறக்கவில்லை. வேறொரு தொழிற்சாலையின் சிலிக்கனுக்குள் அது பொய்யாக இருந்தது. மறதிக்கு எதிராகக் கட்டமைப்பைக் கட்டலாம், அறியாமைக்கு எதிராக எதைக் கட்டுவது என்று எனக்கு விடை தெரியவில்லை. திரும்பி மாற்றுவது இலகுவாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பரிசோதனை ஒரே இடத்தில் இருந்தது, ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கமும் அதன் பக்கத்திலேயே இருந்தது. 386இன் மருந்துச் சீட்டைப் போல நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடந்திருந்தால் எத்தனை வருடங்கள் சென்றிருக்கும்?

அந்த 2023 மாற்றத்துக்கான தூண்டுதலே முகவரியின் மேல் இலக்கங்கள் பற்றியதுதான். இதுவரை வெறுமையாகக் கிடந்த அந்த இலக்கங்களில் மென்பொருள்கள் தமது சொந்தக் குறிப்புகளை எழுதிக்கொள்ளலாமென்று புதிய புரொசசர்கள் அனுமதிக்கத் தொடங்கியுள்ளன. இன்டெல் ஒரு விதமாகவும் ஏனையவை வேறு விதமாகவும். போன வாரம் அந்தப் பகுதியை மாணவர்களோடு வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தோம். நிரல் சில வரிகள், மேலே குறிப்பு அதைவிட நீளம். முதலில் கேள்வி கேட்ட அதே பிள்ளை இம்முறை நிரலை விட்டுவிட்டுக் குறிப்பை இரண்டு தரம் வாசித்தார்.